நெட்வொர்க் நலமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: சார், ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன், ஆள் நான் ஒருவன்தான். மூன்று கட்டடங்கள், சுமார் இருபது சுவிட்ச், இரண்டு ரௌட்டர், ஒரு ஃபயர்வால், நிறைய வைஃபை பெட்டிகள். ஏதாவது நின்றுபோனால் பில்லிங் செக்ஷனிலிருந்து போன் வந்த பிறகுதான் எனக்கே தெரிகிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள என்ன மென்பொருள் போடலாம்? எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: மென்பொருளுக்கு அப்புறம் வருவோம். முதலில் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்துகொண்டு மூன்று கட்டடங்களையும் நடந்தே சுற்றி வாருங்கள். ஒவ்வொரு பெட்டியையும் கண்ணால் பார்த்து, எந்த அறையில் இருக்கிறது, என்ன மாடல், என்ன ஐ.பி. (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்), எந்தப் போர்ட் வழியாக மேல் சுவிட்சுக்குப் போகிறது, கரண்ட் எந்த யு.பி.எஸ்ஸிலிருந்து வருகிறது, அந்த அறைச் சாவி ராத்திரியில் யாரிடம் இருக்கும் என்பது வரை எழுதுங்கள். யாரும் கணக்கில் வைத்திராத ஒரு சின்ன சுவிட்ச் எங்காவது மேஜைக்கடியில் இருக்கத்தான் செய்யும், அதிலிருந்து நாலு பேருக்கு லைன் போய்க்கொண்டிருக்கும். பெயர் வைக்கும்போது வெறும் எண்ணாக வைக்காமல் 'பினிஷிங்-மாடி-1' என்பதுபோல் இடத்தைச் சொல்லும் பெயராக வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அலர்ட் வந்தால் எங்கே ஓடவேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

அடுத்தது பிங், அதாவது ஒரு பெட்டிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது. எல்லாப் பெட்டிக்கும் நிலையான ஐ.பி. கொடுத்துவிட்டு நிமிடத்துக்கு ஒருமுறை பிங் அடித்துப் பதிவு செய்தாலே, போன் வருவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். 1983-ல் எழுதப்பட்ட அந்தச் சின்ன நிரலைவிட எளிதான தொடக்கம் இன்றைக்கும் கிடையாது. ஆனால் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்பதற்கு மேல் பிங் அதிகம் சொல்லாது. மின்விசிறி நின்றுபோய் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும் சுவிட்ச்கூட கடைசி நிமிடம் வரை ஒழுங்காகப் பதில் சொல்லும். இன்னொன்று, ரௌட்டர்கள் தங்களுக்கே வரும் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கும். அதனால் ரௌட்டருக்கு அடிக்கும் பிங்கில் மட்டும் ஒன்றிரண்டு தவறினால் பதற வேண்டாம், அதைத் தாண்டியுள்ள பெட்டிகளுக்கும் தவறுகிறதா என்று பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எஸ்.என்.எம்.பி. வேண்டும், பெட்டிகளிடம் நிலவரம் கேட்பதற்கான பொதுமொழி அது. நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் என்று விற்கப்படும் எதிலும் அநேகமாக இது இருக்கும். கண்காணிக்கும் கணினி யு.டி.பி. 161-ம் போர்ட்டில் கேள்வி கேட்கும், பெட்டி பதில் சொல்லும், அவ்வளவுதான். இதில் 2சி என்ற பதிப்பு சுலபம். ஆனால் அதன் கடவுச்சொல்லான 'கம்யூனிட்டி' திறந்த எழுத்தாகவே கம்பியில் போகும், பல பெட்டிகளில் அது 'பப்ளிக்' என்றே இருக்கும். முதல் வேலையாக அதை மாற்றுங்கள். படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள், கண்காணிக்கும் கணினியின் ஐ.பி.க்கு மட்டும் பதில் சொல்லும்படி பூட்டுங்கள். பெட்டி 3-ம் பதிப்பை ஏற்றால் யோசிக்காமல் அதையே போடுங்கள், அதில் அடையாளச் சோதனையும் மறைகுறியாக்கமும் இருக்கின்றன.

எதைக் கேட்பது? ஆயிரக்கணக்கான எண்கள் கிடைக்கும், ஆரம்பத்தில் ஒரு சிலவே போதும். பெட்டி எவ்வளவு நேரமாக ஓடுகிறது, சி.பி.யு., மெமரி, வெப்பம், மின்விசிறி, பவர் சப்ளை, அப்புறம் மேலே போகும் போர்ட்டுகளின் டிராஃபிக், பிழைகள், கைவிட்ட பாக்கெட்டுகள் (டேட்டா துண்டு துண்டாகப் போகிறதே, அந்தத் துண்டுகள்). பிழை ஏறினால் கேபிள், கனெக்டர், டூப்ளெக்ஸ் பொருந்தாமை (ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்ய, மறுமுனை மாறி மாறிச் செய்வது) என்று அந்தப் பக்கம் தேடுங்கள். பாக்கெட்டுகள் கைவிடப்பட்டால் பெரும்பாலும் அந்த வழியில் நெரிசல் என்று அர்த்தம், கேபிளை மாற்றிப் பிரயோசனமில்லை. டிராஃபிக்கைப் படிக்கும்போது போன பைட்டுகளை எண்ணிவைக்கும் கவுண்டர்களில் 64 பிட் கவுண்டரைத்தான் படிக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 32 பிட் கவுண்டர் முழு வேகத்தில் போகும் ஒரு ஜிகாபிட் லைனில் சுமார் 34 வினாடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிப்பவருக்கு அந்த வரைபடம் பொய்தான் சொல்லும்.

'எவ்வளவு நேரமாக ஓடுகிறது' என்ற எண்ணை நம் ஊரில் யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஒரே கட்டடத்தில் நாலு சுவிட்சுகள் ஒரே நிமிடத்தில் மறுபடி கிளம்பியிருந்தால் நாலும் கெட்டுப்போகவில்லை, அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் யு.பி.எஸ் ஏமாற்றிவிட்டது. 497 நாளில் ஒரு சுவிட்ச் பூஜ்யத்துக்கு வந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், அந்தக் கவுண்டரின் கொள்ளளவே அவ்வளவுதான்.

யு.பி.எஸ் என்றதும் உங்கள் ஊருக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம், பல சுவிட்சுகளுக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் சுற்றுப்புற வரம்பே 40, 45, 50 என்றுதான் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் பூட்டிய இரும்பு ரேக்கின் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். யு.பி.எஸ்ஸின் சீல் செய்த லெட் ஆசிட் பேட்டரிக்கு இது இன்னும் கொடுமை, 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. ஆகவே யு.பி.எஸ்ஸையும் நெட்வொர்க் சாதனமாகவே நினைத்துப் பட்டியலில் சேருங்கள். பெரிய யு.பி.எஸ்ஸுக்கு எஸ்.என்.எம்.பி. கார்டு கிடைக்கும். சின்னதுக்கு யு.எஸ்.பி. கேபிள் போட்டு, நட் என்ற இலவச மென்பொருள் வழியாகப் படிக்கலாம்.

தோல் தொழிற்சாலைக்கென்றே இருக்கும் தொல்லையும் உண்டு. முடி நீக்கும் இடத்தில் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறீர்கள், கழிவுநீர் சுத்திகரிப்புப் பக்கம் அழுகிய முட்டை வாடை வருகிறதே, அந்த ஹைட்ரஜன் சல்பைடு செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். சர்க்யூட் போர்டிலும் கனெக்டரிலும் இருப்பவை அவைதானே. தோலைத் தேய்த்து மெருகேற்றும் பஃபிங் பகுதியின் தூசி மின்விசிறியை அடைக்கும். இந்த இடங்களுக்கெல்லாம் பக்கத்தில் இருக்கும் சுவிட்சுகளைப் பட்டியலில் தனியாகக் குறித்துவையுங்கள், வெப்பமும் பிழையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள், முடிந்தால் ரேக்கையே வேறு அறைக்கு மாற்றுங்கள். என்ன மென்பொருள் போட்டாலும் அரிப்பு நிற்காது.

இப்போது மென்பொருள். உங்களைப்போல் தனி ஆளாக இருந்து நெட்வொர்க் பெட்டிகளையே பெரும்பாலும் பார்ப்பவருக்கு என் சிபாரிசு லிப்ரே என்.எம்.எஸ். இலவசம், பெட்டியைச் சேர்த்தவுடன் அதில் என்னென்ன படிக்க முடியும் என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும், முப்பது நாற்பது பெட்டிகளுக்கு லினக்ஸ் போட்ட ஒரு பழைய டெஸ்க்டாப்பே தாங்கும். சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் சேர்த்துப் பார்க்கவேண்டுமென்றால் ஜாபிக்ஸ், அதுவும் இலவசம்தான், ஆனால் பழக நாள் பிடிக்கும். எதை எடுத்தாலும் ஒன்றை எடுத்து அதிலேயே இருங்கள், இரண்டையும் பாதி பாதி போட்டு வைப்பதில் பலனில்லை. கூடவே எல்லாப் பெட்டிகளின் லாகையும் (நடந்ததையெல்லாம் பெட்டி எழுதிவைக்கும் குறிப்பு) அதை அனுப்புவதற்கான சிஸ்லாக் முறை வழியாக அதே கணினிக்கு அனுப்புங்கள். எல்லாவற்றிலும் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்.டி.பி. வைத்து நேரத்தை ஒன்றாக்குங்கள், நேரம் ஒத்துப்போகாத லாகை வைத்துக்கொண்டு எது முதலில் விழுந்தது என்று சொல்லவே முடியாது.

கேள்வி: வேலூரில் ஒரு மருத்துவமனையில் நெட்வொர்க் பிரிவில் இருக்கிறேன். கண்காணிப்பு எல்லாம் போட்டாயிற்று, ஆனால் ராத்திரி முழுக்க அலர்ட். இப்போது யாரும் பார்ப்பதே இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: மருத்துவமனை என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள் அம்மா. யாரும் பார்க்காத அலர்ட் இருப்பது, அலர்ட்டே இல்லாததைவிட ஆபத்து, ஏனென்றால் மேலே இருப்பவர்கள் எல்லாம் கண்காணிப்பில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வாரம் வந்த அலர்ட்டுகளையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேளுங்கள், இதற்காக யாராவது எழுந்து போய் ஏதாவது செய்தார்களா? செய்யவில்லையென்றால் அது போனை அடிக்க வேண்டாம், காலையில் படிக்கும் அறிக்கைக்குப் போகட்டும். மேஜைக் கணினியை அணைத்தால் வரும் 'போர்ட் டவுன்' அலர்ட்டை நிறுத்திவிடுங்கள். சி.பி.யு. ஒரு நொடி 90 சதவீதம் தொட்டதற்கெல்லாம் மணி அடிக்கக் கூடாது, 15 நிமிடம் தொடர்ந்து இருந்தால் அடிக்கட்டும். பிங்கும் ஒருமுறை தவறியதும் கத்தாமல், மூன்று நாலு தடவை தொடர்ந்து தவறினால் கத்தட்டும்.

அப்புறம் சார்பு. ஒரு மாடியின் பிரதான சுவிட்ச் விழுந்தால் அதன் பின்னால் இருக்கும் இருபது வைஃபை பெட்டிகளும் விழுந்ததாக இருபத்தொரு அலர்ட் வரும், உண்மையில் பிரச்சினை ஒன்றுதான். எது எதன் பின்னால் இருக்கிறது என்று சொல்லிவைக்கும் வசதி ஜாபிக்ஸிலும் லிப்ரே என்.எம்.எஸ்ஸிலும் இருக்கிறது, அலுப்பான வேலைதான், ஆனால் உட்கார்ந்து செய்யுங்கள். வார்டு, ஐ.சி.யு., லேப், மருந்தகம் ஆகியவற்றின் சுவிட்சுகளுக்குத் தனிக் குழு வைத்து, அவை விழுந்தால் மட்டும் போன் அடிக்கும்படியும், பத்து நிமிடத்தில் ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும்படியும் வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். அலர்ட் டெலிகிராமில் வருகிறது என்றால், இணைய இணைப்பே போகும்போது அது வராது. சிம் கார்டு போட்ட மோடம் வழியாக எஸ்.எம்.எஸ். போகும்படி ஒரு மாற்று வழி வேண்டும். கண்காணிக்கும் கணினியே விழுந்துவிட்டால் சொல்ல, வெளியிலிருந்து அதைப் பார்க்கும் இன்னொன்றும் வேண்டும்.

கேள்வி: கல்லூரி மூன்றாம் ஆண்டு. நெட்வொர்க்கைக் கண்காணிக்க எஸ்.என்.எம்.பி. பழசாகிவிட்டது, இனி டெலிமெட்ரிதான் என்கிறார்கள். எதைப் படிக்கட்டும்?
– மாணவர், காட்பாடி

பதில்: இரண்டையும் படி தம்பி, ஆனால் எஸ்.என்.எம்.பி.யை முதலில். 1988-ல் வந்ததுதான், ஆனால் நீ வேலைக்குப் போகும் இடத்தில் இருக்கும் சுவிட்ச், யு.பி.எஸ், பிரிண்டர் எல்லாம் பேசப்போவது அதைத்தான். டெலிமெட்ரியில் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, எது வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவைத்தால் பெட்டியே சில வினாடிக்கு ஒருமுறை அனுப்பும். பெரிய டேட்டா சென்டர்களுக்கு அது அருமை, சின்ன அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் அது இருக்காது. லினக்ஸில் நெட்-எஸ்.என்.எம்.பி. என்ற மென்பொருளைப் போட்டு உன் கணினியையே கேள்வி கேட்டுப் பார், அதைக் கம்பியில் போவதைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பிடித்துப் பார். 2சி பதிப்பில் உன் கம்யூனிட்டி கண்ணெதிரே தெரியும், 3-ம் பதிப்பில் மறைகுறியாக்கத்தோடு கேட்டால் உள்ளே போவது எதுவும் தெரியாது. அதை ஒருமுறை பார்த்தவர் 'பப்ளிக்' என்று விட்டுவைக்க மாட்டார்.

கேள்வி: செருப்புக் கடை. ஒரு ஃபைபர் இணைப்பு, ஒரு வைஃபை, நாலு கேமரா. எனக்கும் இதெல்லாம் தேவையா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: இவ்வளவும் தேவையில்லை. ஃபைபர் பெட்டிக்கும் வைஃபைக்கும் சேர்த்து ஒரு சின்ன யு.பி.எஸ் போடுங்கள். மாதம் ஒருமுறை கேமரா உண்மையில் பதிவு செய்கிறதா என்று முந்தின வாரத்துப் பதிவு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். ஃபைபர் பெட்டியின் பக்கத்துக்குள் போனால் உள்ளே வரும் ஒளியின் அளவு டி.பி.எம். என்ற அலகில், மைனஸ் எண்ணாக இருக்கும். ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடு, கடைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) இணைப்பு என்றால் பொதுவாக மைனஸ் 8-லிருந்து மைனஸ் 27-க்குள் இருக்கவேண்டும். இணைப்பு நன்றாக ஓடும் ஒரு நாளில் அந்த எண்ணை எழுதிவையுங்கள். பின்னால் மெதுவாகிறது, அறுந்து அறுந்து வருகிறது என்று தோன்றும்போது மறுபடி பாருங்கள், அன்றைக்கு மைனஸ் 19, இன்றைக்கு மைனஸ் 26 என்றால் ஃபைபரில்தான் கோளாறு. லைன்மேனிடம் இரண்டு எண்களையும் சொல்லுங்கள், ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்லிவிட்டுப் போக மாட்டார்.