சிறுகுறிஞ்சான் மென்னா சக்கரை மண்ணாகும், சுகர் குறையுமா?

கேள்வி (வாசகி, தென்காசி): வீட்டுக்காரருக்கு ஆறு வருஷமா சுகர். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மாத்திரை போட்டுட்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா சிறுகுறிஞ்சான் பொடி குடுத்து, வெந்நீர்ல கலக்கி குடிச்சா மூணு மாசத்துல மாத்திரையே வேண்டாம்னு சொல்ல, இவர் பத்து நாளா மாத்திரைய நிறுத்திட்டார். கேட்டா "இனிப்பே இறங்க மாட்டேங்குது, சுகர் குறையுதுன்னு அர்த்தம்"ங்கறார். நிஜமா டாக்டர்?

பதில்: மொதல்ல அவர கூட்டிட்டு போய் உங்க டாக்டர்கிட்ட காட்டி சுகர் பாத்துட்டு மாத்திரைய திரும்ப ஆரம்பிங்கம்மா, பாக்கிய வந்து படிச்சுக்கலாம்.

இனிப்பு இறங்காதது நாக்கோட சமாச்சாரம். அந்த இலைல ஜிம்னெமிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு, அது நாக்குல இனிப்ப கண்டுபிடிக்கிற இடத்துல போய் உக்காந்துக்கும். காலேஜ் படிக்கறப்ப வேலில படர்ந்திருந்த கொடில ரெண்டு இலை பறிச்சு மென்னு பாத்திருக்கேன். ஒரே கசப்பு. துப்பிட்டு ஒரு ஸ்பூன் சக்கரைய வாயில போட்டா ஆத்து மணல் மாதிரி நறநறங்குது, இனிப்பு துளி இல்ல, காபி கஷாயமாயிருச்சு, ஆனா எலுமிச்சை ஊறுகா மட்டும் எப்பவும் போல புளிச்சுது. அரை மணி நேரம் கழிச்சு எல்லாம் பழையபடி. சர்க்கரைக்கொல்லின்னு பேர் வந்ததே இதனாலதான், ஹிந்திக்காரங்க குர்மார்ங்கறதும் அதே அர்த்தம்தான். நாக்குல இனிப்பு தெரியலைன்னா ரத்தத்துல சக்கரை இல்லன்னு ஆயிடாது, உங்க வீட்டுக்காரருக்கு இப்ப ரத்தத்துல 300 ஓடினாலும் லட்டு இனிக்காமத்தான் இருக்கும்.

அப்ப அந்த இலை சும்மாவான்னா, அப்படியும் தள்ளிட முடியாது. 1990ல மெட்ராஸ் யூனிவர்சிட்டி ஆளுங்க டைப் 2 சுகர் இருந்த 22 பேருக்கு இந்த இலைச் சாறுல எடுத்த எக்ஸ்ட்ராக்ட் தினம் 400 மில்லிகிராம் வீதம் ஒன்றரை வருஷத்துக்கு மேல குடுத்து பாத்தாங்க, சுகர் குறைஞ்சுது, சிலருக்கு மாத்திரை அளவ கம்மி பண்ண முடிஞ்சுது, அதுல 5 பேர் மாத்திரையே இல்லாம சமாளிச்சாங்க. பொடி விக்கறவங்க சொல்றது இந்த அஞ்சு பேர் கதைய மட்டும்தான். எல்லாரும் மாத்திரையோட சேத்துதான் ஆரம்பிச்சாங்க, டாக்டர் பாத்து பாத்து குறைச்சாங்க, மொத்தமே 22 பேர்தான், இதெல்லாம் பாக்கெட்ல இருக்காது. அப்புறம், எக்ஸ்ட்ராக்ட் வேற பொடி வேற. எக்ஸ்ட்ராக்ட்னா இலைய தண்ணிலயோ ஸ்பிரிட்லயோ ஊற வச்சு, சத்த இறக்கி, வத்த வச்சு, இவ்வளவுன்னு அளந்து எடுக்கறது. பக்கத்து வீட்டு அக்கா பொடி எந்த மாசத்து இலை, வெயில்ல காஞ்சுதா நிழல்ல காஞ்சுதா, யாருக்கு தெரியும்? கடைல விக்கற சில பொடிகள்ல இங்கிலீஷ் மாத்திரையவே அரைச்சு கலந்து மாட்டினதும் உண்டு, "உடனே கேக்குது"ன்னா எனக்கு அந்த சந்தேகம்தான் முதல்ல வரும்.

கேள்வி (வாசகர், சேலம்): மாடில இன்சுலின் செடி வச்சிருக்கேன், டெய்லி ஒரு இலை. அதுல இன்சுலின் இருக்கா சார்?

பதில்: இல்ல சார், பேர் வச்சவர் கெட்டிக்காரர். இருந்தாலுமே புண்ணியமில்ல, இன்சுலின் ஒரு புரதம், பருப்பு செரிக்கற மாதிரி வயித்துல செரிச்சிடும், அதனாலதான ஊசியா போடறோம். செடியோட பூர்வீகம் பிரேசில். எலிக்கு குடுத்து பாத்து நல்ல ரிசல்ட்டுனு நிறைய எழுதியிருக்காங்க, ஆனா எலிக்கு சரியாறது எல்லாம் நமக்கு சரியாறதில்ல. சாப்பிடறீங்கன்னா உங்க டாக்டர்கிட்ட ஒளிக்காதீங்க.

கேள்வி (வாசகி, மதுரை): அப்போ இலை தழைல இருந்து சுகருக்கு மருந்தே வராதா?

பதில்: உங்க மாத்திரை டப்பாவ திறந்து பாருங்க, மெட்ஃபார்மின் இருக்கும். ஐரோப்பால கலேகான்னு ஒரு செடி, அதுல இருந்த கலேகின்ங்கற பொருள் சுகர குறைச்சுது, ஆனா விஷத்தன்மை ஜாஸ்தி, ஆளுக்கு தொடர்ந்து குடுக்க முடியல. அந்த ஜாதி பொருள்களை லேப்ல மாத்தி மாத்தி செஞ்சதுல 1922ல மெட்ஃபார்மின் வந்துச்சு, யாரும் கண்டுக்கல, 1957லதான் பாரிஸ்ல ஜான் ஸ்டெர்ன்ங்கற டாக்டர் சுகர்காரங்களுக்கு குடுத்த ரிசல்ட்ட வெளியிட்டார், அமெரிக்கா ஒத்துக்கிட்டது 1994ல! இலைல ஆரம்பிச்ச கதை மாத்திரையாக அவ்வளவு காலம் ஆச்சு.

நம்ம ஊர் கோவை இலையும் லேசுப்பட்டதில்ல. பெங்களூர்ல புதுசா சுகர் வந்த 60 பேர வச்சு 2008ல வெளிவந்த ஆராய்ச்சி, பாதிப் பேருக்கு எக்ஸ்ட்ராக்ட் தினம் 1 கிராம், பாதிப் பேருக்கு டம்மி மாத்திரை, 90 நாள்ல எக்ஸ்ட்ராக்ட் எடுத்தவங்களுக்கு வெறும் வயித்து சுகர் 16 சதவீதம் இறங்குச்சு. ஆனா அவங்க லேசான சுகர்காரங்க, மருந்தே ஆரம்பிக்காதவங்க. கோவை இலைய துவையலரைச்சு தாராளமா சாப்பிடுங்க, மாத்திரை பாட்டுக்கு மாத்திரை.

தென்காசி அம்மாவுக்கு ஒண்ணு விட்டுட்டேன். மாத்திரையும் பொடியும் ஒண்ணா போனா சில சமயம் சுகர் ரொம்ப இறங்கிடும், கை நடுங்கி, குப்புனு வேர்த்து, பசி பறக்கும். உடனே மூணு ஸ்பூன் சக்கரைய தண்ணில கரைச்சு குடுங்க. பொடி குடிச்ச வாய்க்கு இனிக்காது, "வெறும் தண்ணிய ஏண்டி குடுக்கற"ம்பார். பரவால்ல, இனிக்காட்டியும் அது வேலைய செய்யும், மடமடன்னு குடிக்க சொல்லுங்க.