பூச்சிகளைப் படமெடுத்தல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வேலை நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து சாட்ஸ்வர்த்தில் குடியிருக்கிறேன். உங்கள் பூச்சிப் படங்களைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. கையில் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், சின்ன ஃபிளாஷ் ஒன்று இருக்கின்றன. எடுப்பதெல்லாம் ஒன்று மங்கலாக வருகிறது, இல்லாவிட்டால் பின்னணி கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறது. சின்னதை நெருங்கிப் பெரிதாக எடுக்கும் 100 எம்எம் மேக்ரோ லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். பூச்சியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாது என்று நண்பர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

க., சாட்ஸ்வர்த்

அன்புள்ள க.,

ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். குளிரில் விறைத்த பூச்சியின் காலும் உணர்கொம்பும் உயிரோட்டமில்லாமல் கிடக்கும். பூச்சிகளைப் பார்த்துப் பழகியவர் யாரும் அந்தப் படத்தை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதைவிடப் பெரிய விஷயம், ஓர் உயிரை நம் படத்துக்காக வதைக்க நமக்கு உரிமை கிடையாது. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

லென்ஸுக்காகக் கடனும் வேண்டாம். படம் மங்குவதற்குக் காரணம் உங்கள் லென்ஸ் அல்ல. கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் பூச்சி தன் உண்மையான அளவிலேயே விழும்படி நெருங்கி, லென்ஸின் துளையை, அதாவது அப்பர்ச்சரை, எஃப் 8 வைத்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவுதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸிலும் இதே கதைதான். துளையை எஃப் 22 வரை மூடினால் ஆழம் கூடும், ஆனால் சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுக்கக் கூர்மை இழக்கும். அதனால் எஃப் 8, எஃப் 11 போதும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். ஃபோகஸை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உங்கள் உடம்பை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண் தெளிவாகும் கணத்தில் அழுத்துங்கள். கண் கிடைத்துவிட்டால் மற்றது மங்கினாலும் படம் நிற்கும்.

இப்போதைக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் ஒரு செட் வாங்கினால் போதும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டி, பூச்சியை இன்னும் நெருங்கி எடுக்க உதவுகிற, உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் வளையங்கள் அவை, அதனால்தான் விலை குறைவு. மின்தொடர்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் அப்பர்ச்சரை மாற்ற முடியாது. லென்ஸை 55-இல் வைத்தே எடுங்கள். 18-இல் வைத்தால் ஃபோகஸ் விழும் இடம் லென்ஸின் கண்ணாடிக்கே வந்துவிடும்.

பின்னணி கறுப்பது ஃபிளாஷால். அதன் வெளிச்சம் பூச்சியைத் தாண்டியதும் சட்டென்று குறைந்துவிடுகிறது. பூச்சிக்குப் பின்னால் ஓர் இலை நெருக்கமாக வருகிற கோணத்தைத் தேடுங்கள், அல்லது கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 400, 800 என்று ஏற்றுங்கள். இரண்டு லிட்டர் பால் கேனின் வெள்ளை பிளாஸ்டிக்கை வெட்டி ஃபிளாஷுக்கு முன்னால் வளைத்துக் கட்டினால், வண்டின் முதுகில் விழும் அந்த வெள்ளைப் பொட்டு காணாமல் போகும். வெளிச்சத்தை இப்படிப் பழக்கிக்கொண்டவருக்குப் பழைய கேமராவே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, எதை எடுப்பது? சாட்ஸ்வர்த்தில் எலுமிச்சை மரமுள்ள வீடு ஒன்றை விசாரித்துப் பாருங்கள். இங்கே கிறிஸ்துமஸ் பட்டர்ஃபிளை என்று சொல்லும் வண்ணத்துப்பூச்சி அதன் இளந்தளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும், வெளிர்மஞ்சளில், குண்டூசித் தலையளவு. குஞ்சுப் புழு பழுப்பும் வெள்ளையுமாக, அச்சு அசலாகப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். வளர்ந்து கடைசித் தோல் உரித்ததும் பச்சையாகிவிடும். யாராவது சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவட்டைக் கொம்பு ஒன்று நீளும், கூடவே காட்டமான வாடை. அந்தக் கொம்பைப் படமெடுக்க வேண்டுமென்று நீங்கள் சீண்டாதீர்கள். குளவியோ எறும்போ அந்த வேலையைச் செய்யும்வரை காத்திருங்கள். புழு ஓடாது, பறக்காது. கை பழக இதைவிட நல்ல ஆள் கிடையாது.

அடுத்து கும்பிடுபூச்சி. அதன் கண்ணில் ஒரு கரும்புள்ளி தெரியும், நீங்கள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அதுவும் உங்களைத் தொடரும். அது கண்மணி அல்ல. கூட்டுக்கண்ணில் உங்களை நேராகப் பார்த்திருக்கும் சிறுகண்கள் வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது. முதன்முதலில் வியூஃபைண்டரில் அதைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

இணையத்து வீடியோக்கள் பெரும்பாலும் வடக்கு நாடுகளில் எடுத்தவை. ஜூலையில் கிளம்பு என்பார்கள். நமக்கு அது வறண்ட குளிர்காலம். இங்கே பூச்சிக்காலம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல்வரை போகும். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும், ஆனால் இரவே புழுக்கமாக இருப்பதால் விடியற்காலையிலும் பூச்சிகள் துருதுருவென்று இருக்கும். என்னைக் கேட்டால் ஏப்ரல் காலைகளைத்தான் சொல்வேன். பூச்சியும் மிச்சமிருக்கும், குளிரில் சற்று மந்தமாகவும் உட்கார்ந்திருக்கும். வீட்டுப் பக்கத்திலேயே சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகம் இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். முழு உடம்பு, இறக்கையின் மேல்பக்கம், அடிப்பக்கம், உட்கார்ந்திருந்த செடி எல்லாமே வேண்டும். டர்பனின் கரையோரக் காடுகளில் பாப்பிலியோ டார்டனஸ் என்றொரு வண்ணத்துப்பூச்சி உண்டு. ஆணுக்கு வெளிர்மஞ்சள் இறக்கையும் வாலும் இருக்கும். இங்குள்ள பெண்ணுக்கு வாலே கிடையாது, பறவைகள் தின்ன விரும்பாத வேறு வண்ணத்துப்பூச்சிகளின் வேடத்தில் பல தினுசாகப் பறக்கும். இத்தனை வேடமும் ஒரே இனத்துப் பெண்கள்தான் என்று 1869-இல் எழுதியவர் ரோலண்ட் டிரைமன். பிற்பாடு கேப்டவுன் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தவர். மேக்ரோ லென்ஸ் இல்லாத காலத்தில், பூச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கண்டது அது. உங்கள் படத்திலும் அப்படி ஒப்பிட வழியிருக்க வேண்டும். இடமும் தேதியும் போட்டு, பார்த்த உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள், பெயர் சொல்ல இந்த நாட்டிலேயே விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

எலுமிச்சைப் புழு கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். மங்கலாக வந்ததையும் சேர்த்தே அனுப்புங்கள். எந்த இடத்தில் ஃபோகஸ் விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா