சொதி பட்டதற்கா இவ்வளவு கோபம்?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. தரம் ஒன்றில் படிக்கிறான். பாசமான பிள்ளை, ஆனால் சின்ன விடயத்துக்கும் வெடித்துவிடுவான். போன கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட இருந்தவன், சோற்றில் சொதி பட்டுவிட்டது என்று கோப்பையைத் தூக்கி எறிந்து, என் கையைக் கடித்து, அரை மணித்தியாலம் நிலத்தில் புரண்டு கத்தினான். பிறகு தானே வந்து மடியில் படுத்து அழுதான். கிளினிக்கில் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அடங்காத துடிப்பும்) என்று சொல்லிவிட்டார்கள். கணவர் கத்தாரில். "ரெண்டு அடி போட்டா மறுகா செய்யமாட்டான் மனே" என்கிறா அம்மா. பார்வை பார்த்து நூலும் கட்டியாயிற்று. குளிசை கொடுக்கப் பயமாக இருக்கிறது. நான் வளர்த்த முறை பிழையா?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. ஏ.டி.எச்.டி. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வளர்ப்பாலோ சீனி தின்பதாலோ வருவதில்லை. இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள், சின்ன வயதில் "ஓரிடத்தில் இருக்கமாட்டான்" என்று பெயரெடுத்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ அகப்படக்கூடும்.

மூளையைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2007இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மூளையின் மேற்படை தடித்து உச்சத்துக்கு வருவது மற்றப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஏழரை வயதில், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் பத்தரை வயதில் என்று அதில் கண்டார்கள். வளரும் பாதை ஒன்றுதான், பிந்தி வருகிறது. யோசிப்பதற்கும் ஆசையையும் கோபத்தையும் அடக்குவதற்கும் உதவும் முன் மூளையில்தான் இந்தப் பிந்தல் கூட. உங்கள் மகன் கதைப்பதும் விளையாடுவதும் ஆறு வயதுப் பிள்ளை மாதிரி இருக்கும், கோபம் வந்தால் மூன்று நான்கு வயதுப் பிள்ளையாகிவிடுவான். மூன்று வயதுப் பிள்ளை கோப்பையை எறிந்தால் நாம் இவ்வளவு பதறமாட்டோம், இல்லையா?

சரி, சொதிக்கு வருவோம். பாவம், சொதியில் ஒரு குற்றமும் இல்லை. விடிய எழும்பிப் போனவன் வகுப்பில் கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கப் பாடுபட்டிருப்பான், பென்சிலைத் தொலைத்திருப்பான், ரீச்சரிடம் ஏச்சு வாங்கியும் அழாமல் அடக்கியிருப்பான். அப்புறம் வெயில், பசி, தாகம். வீட்டுக்கு வந்தால் அடக்க வேண்டியதில்லை, அங்கே நீங்கள் இருக்கிறீர்கள். "பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளை, வீட்டில்தான் செல்லம்" என்று யாராவது சொன்னால் மனம் உடையாதீர்கள்.

ஆகவே மாற்ற வேண்டியது அவன் வீட்டுக்குள் வரும் அந்த ஒரு மணித்தியாலத்தை. வாசலில் வைத்தே "இண்டைக்கு என்ன படிச்ச?" என்று கேட்க வேண்டாம். உடுப்பைக் கழற்றி, கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீர் வார்த்துவிடுங்கள். வாயில் உடனே ஏதாவது போகட்டும், ஒரு வாழைப்பழம் போதும். சோற்றை ஒரு கோப்பையிலும் சொதியைத் தனிக் கிண்ணத்திலும் வையுங்கள், அவனே ஊற்றட்டும். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்று அம்மா சொல்லுவா. சொல்லட்டும். வீட்டு வேலை, கொப்பி எல்லாம் அதற்குப் பிறகு.

இதெல்லாம் செய்தும் சில நாள் வெடிப்பான். அப்போது வாயைக் குறைக்க வேண்டியது நீங்கள்தான். வெருட்டுவது, நியாயம் கேட்பது, "மாமாட்டச் சொல்லுவன்" என்பது எதுவும் அந்த நேரம் உள்ளே போகாது. எறியக்கூடியதை எடுத்து அப்பால் வையுங்கள். அவன் உயரத்துக்குக் குந்தி, கொஞ்சம் தள்ளி இருங்கள். கடிக்க வந்தால் கையை மெதுவாகப் பிடித்து, "கடிக்க விடமாட்டன்" என்று ஒரே ஒரு வசனம். கட்டிப்பிடித்தால் சிலருக்கு அடங்கும், சிலருக்குக் கூடும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். கத்தலை நிறுத்தப் போனைக் கொடுத்தால், கத்தினால் போன் வரும் என்று பழகிவிடுவான். நம் கரையில் அலை உடைந்துகொண்டிருக்கும்போது யாரும் தோணியைத் தள்ளுவதில்லை, ஓய்கிற இடைவெளியைப் பார்த்துத்தான் தள்ளுவார்கள். புத்தி சொல்வதும் அப்படித்தான். மடியில் வந்து படுக்கிறானே, அதுதான் நேரம். இரண்டு வசனம் சொல்லி, சிந்திய சோற்றை இரண்டு பேருமாகக் கூட்டி அள்ளுங்கள். அதோடு விடயம் முடிந்தது. பின்னேரம் சித்தி வீட்டில் அவன் முன்னாலேயே அந்தக் கதையை எடுக்காதீர்கள்.

அடி போட்டால் பயத்தில் அப்போதைக்கு அடங்கலாம். ஆனால் செய்தது பிழை என்று தெரியாமலா உங்கள் மடியில் வந்து அழுகிறான்? தெரிந்த பிழையைத் திரும்ப அடித்துச் சொல்வதில் பயனில்லை, கோபம் வந்தால் கையை ஓங்கலாம் என்பதைத்தான் புதிதாகப் படிப்பான். நூல் கையில் இருந்துவிட்டுப் போகட்டும், அம்மாவின் மனத்துக்கு. கிளினிக் திகதி மட்டும் தவறக்கூடாது.

குளிசை பற்றி. ஆறு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் மருந்து. ஆறிலிருந்து, பயிற்சியோடு குளிசையையும் சேர்த்து யோசிப்பார்கள். வழக்கமாகக் கொடுக்கும் மெதைல்ஃபெனிடேட் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் பாவனையில் உள்ள மருந்து. பசி குறையலாம், நித்திரை பிந்தலாம். அதனால்தான் நிறை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள். பிள்ளை மந்தமாகிச் சோர்ந்து இருந்தால் அளவை மாற்றச் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. அடுத்த முறை போகும்போது ஒரு கொப்பியில் எத்தனை மணிக்கு வெடித்தான், அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதிக் கொண்டுபோங்கள். குறட்டை விடுகிறானா, காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோர் பயிற்சி அங்கே இல்லாவிட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் தரச்சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தனியாகத் தாங்க முடியாத நாளில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். அது பிள்ளைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

இன்னொன்று. கத்தாரில் பதினொன்றரைக்குச் சாப்பாட்டு இடைவேளை என்றால் இங்கே இரண்டு மணி. உங்கள் கணவர், மகன் களைத்திருக்கும் அந்த நேரத்தில் வீடியோ கோல் எடுத்து "என்னடா குழப்படியாம்?" என்று கேட்பவரானால், இனி அங்கே ஐந்து மணிக்கு, இங்கே ஏழரைக்கு, எடுக்கச் சொல்லுங்கள். முதல் சில நாள் மறந்து பழைய நேரத்துக்கே எடுப்பார். நீங்கள் போனைத் தூக்க வேண்டாம்.