பக்கத்து வீட்டுத் தாத்தாவின் தோட்டா மேஜை: பையனை அனுப்பலாமா?

நீ கேட்டது இதுதானே? விஸ்கான்சினுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கணவருக்கு எச்-1பி வேலை விசா, உனக்கும் பையனுக்கும் அதையொட்டிய எச்-4 குடும்ப விசா. பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தா பேஸ்மென்ட்டில் பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து, சுட்டு முடித்த தோட்டா உறைகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பிப் புதுத் தோட்டா செய்கிறார். உன் பத்து வயதுப் பையனையும் கூப்பிடுகிறார், ஒரு காலிப் பித்தளை உறையைப் பரிசாகவும் கொடுத்தனுப்பியிருக்கிறார். அனுப்பலாமா, இல்லை போலீஸுக்குச் சொல்ல வேண்டிய சமாச்சாரமா?

என் மகளைவிடச் சின்னவள் என்பதால் நீ என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே. போலீஸெல்லாம் வேண்டாம். அவர் செய்வது இந்த ஊரில் சட்டப்படியான பொழுதுபோக்கு. சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்கிற தொழிலாகச் செய்தால்தான் தேவை. பையனை அனுப்பலாம், பார்க்க மட்டும். ஆனால் அந்தக் காலி உறையை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடு. அந்த வீட்டிலிருந்து உன் வீட்டுக்கு ஒரு துண்டுப் பித்தளைகூட வரக்கூடாது. மூன்று காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

அதற்கு முன்னால், எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீ யோசிப்பாய். பாளையங்கோட்டையில் பிறந்தவள் நான். தீபாவளிக்குக் கேப்பு வெடித்ததோடு என் துப்பாக்கி அனுபவம் முடிந்தது. என் மகள் கட்டிக்கொண்டது வடக்கு விஸ்கான்சின் பையனை. சம்பந்தி தலைமுறை தலைமுறையாக மான் வேட்டைக்காரர். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும் ஒன்பது நாள் துப்பாக்கி சீசன் அந்த வீட்டில் நம்ம பொங்கலைவிடப் பெரிய பண்டிகை. வேட்டை எனக்குப் பிடித்ததே இல்லை, இன்றைக்கும் பிடிக்காது. அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவருடைய பேஸ்மென்ட் மேஜையை மட்டும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

அங்கே நடக்கிற வேலை இதுதான். தோட்டா என்பது நான்கு சாமான்: பித்தளை உறை, அதன் அடியில் பிரைமர் (அடி விழுந்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி), உள்ளே புகையில்லா மருந்து, மேலே குண்டு. சுட்டால் குண்டும் மருந்தும் போய்விடும், பிரைமர் செலவாகிவிடும், உறை மிஞ்சும். நான்கில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான். பிரஸ் என்கிற கை அழுத்து மெஷினில் உறையை மாட்டிக் கைப்பிடியை இறக்கினால் பழைய பிரைமர் கீழே உதிரும், சுட்டதில் விரிந்த பித்தளை பழைய அளவுக்கு இறுகும். பிறகு புது பிரைமர், எடை போட்ட மருந்து, குண்டு. மருந்தின் அளவை கிரெயின் கணக்கில் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், அதாவது ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். தட்டான் கடைத் தராசு மாதிரி, மூச்சு பலமாக விட்டால் முள் ஆடும். இந்தச் சாமான்கள் செய்கிற கம்பெனிகளில் இரண்டு நம் மாநிலத்திலேயே இருக்கின்றன, ஹார்ட்ஃபோர்டில் லீ, மேவில்லில் மெக். லீ கம்பெனியின் முதல் கைச்சாதனம் 1958-இல் வந்தது, பிரஸ்கூட வேண்டாம், சுத்தியலால் தட்டியே நிரப்பலாம். சம்பந்தியின் அப்பா அதில்தான் ஆரம்பித்தாராம், அந்தப் பெட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது.

பணம் மிச்சம் என்று அவர்கள் சொல்வதை நம்பாதே. மிச்சமாகிற காசுக்கு இன்னும் நாலு பெட்டி சுட்டுவிட்டு வருவார்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்றால், வயதைப் பொறுத்தது. சின்னவளுக்கு லேபிள் எழுதுவதும் வாசித்துக் காட்டுவதும். மருந்து கம்பெனிகளும் குண்டு கம்பெனிகளும் போடுகிற கையேட்டைத் திறந்து, இந்தக் குண்டுக்கு இந்த மருந்து எவ்வளவில் தொடங்க வேண்டும், எதைத் தாண்டக் கூடாது என்று அவள் சத்தமாக வாசிப்பாள். தாத்தா திருப்பிச் சொல்வார். ஒரு எண் மாறினாலும் இரண்டு பேரும் முதலிலிருந்து. பெரியவன் கைப்பிடி இழுப்பான். மருந்து ஊற்றுவது பதினாலு வயதுக்கு மேல்தான். அவர் பன்னிரண்டு போதும் என்றார், நானும் மகளும் சேர்ந்து பதினாலாக்கினோம்.

எனக்கு மிகவும் பிடித்தது டார்ச் கட்டம். மருந்து போட்ட உறைகளை ஐம்பது குழி உள்ள மரப்பலகையில் நிறுத்தி வைத்து, குண்டு பொருத்துவதற்கு முன்னால் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பார்கள், எல்லாவற்றிலும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று. மான் வேட்டை ரைஃபிளின் பெரிய உறையில் மருந்து பெரும்பாலும் கழுத்துவரை வந்துவிடும், தப்பி இரண்டு தடவை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுக்கும். கைத்துப்பாக்கியின் .38 ஸ்பெஷல் மாதிரியான உறையில் அப்படி இல்லை. வேகமாக எரிகிற மருந்து அடியில் கொஞ்சம்தான் கிடக்கும், இரண்டு மடங்கு விழுந்தாலும் இடம் இருக்கும். சுடும்போது துப்பாக்கி கையிலேயே சிதறலாம். மருந்தே விழாமல் போனால் வேறு ஆபத்து. பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழாயின் நடுவில் செருகிவிடும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் போச்சு. அதனால்தான் மேஜையில் ஒரே நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான், போன் கிடையாது, டி.வி. கிடையாது, பக்கத்தில் நின்று வம்பளக்கக் கூடாது. வாயே திறக்காத என் பேரன் அந்த மேஜையில் மட்டும் தாத்தாவிடம் கேள்வி கேட்பான்.

ஒரு நோட்டும் உண்டு. என்றைக்கு, எந்த மருந்து, எவ்வளவு, நூறு கஜத்தில் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன எல்லாம் அதில் இருக்கும். முதல் பக்கங்களில் சம்பந்தியின் அப்பா கையெழுத்து, கடைசிப் பக்கங்களில் என் பேத்தியின் கோணல் எழுத்து. ஆனால் பழைய பக்கத்து அளவை அப்படியே எடுத்து நிரப்ப மாட்டார்கள். மருந்துகள் காலப்போக்கில் மாறும், புதுக் கையேட்டில் சரிபார்த்துத்தான் தராசுக்குப் போவார்கள்.

இப்போது நான் சொன்ன மூன்று காரணங்கள்.

முதலில் விசா. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி, எச்-4, மாணவர்களுக்கான எஃப்-1 மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டும் என்று நினைத்துவிடாதே. அந்தச் சட்டம் உறை, பிரைமர், குண்டு, மருந்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே தோட்டா என்று வரையறுக்கிறது. உன் பையன் மேஜை டிராயரில் இருக்கிற அந்த அழகுப் பொருளும் அதில் சேர்ந்துவிடும். தண்டனையின் உச்சவரம்பு 2022 முதல் 15 ஆண்டு. ஒரு காலி உறைக்காக யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்தான், ஆனால் பச்சை அட்டைக்கு (கிரீன் கார்டுக்கு) வரிசையில் நிற்பவர்கள் இந்த மாதிரிச் சின்ன விஷயத்தை வீட்டில் வைத்திருக்க என்ன அவசியம்? 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரெஹைஃப் வழக்கைத் தேடிப் படி. மாணவர் விசாவில் வந்தவர், படிப்பு நின்று விசா தகுதி போன பிறகு ஃப்ளோரிடாவில் ஒரு சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டார். வழக்கு அவ்வளவு தூரம் போனது. தகுதி போனது அவருக்குத் தெரியும் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றார்கள். உன் விசா என்னவென்று உனக்கு நன்றாகவே தெரியும், ஆகவே அந்தத் தீர்ப்பு உன்னைக் காப்பாற்றாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் தற்காலிக விசாக்காரருக்கும் இந்தத் தடை இல்லை. சுடுதளத்துக்குப் போகிற நம்ம பையன்களில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் அதைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் உங்கள் நிலைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அதுவரை பையன் எதையும் கையில் தொட வேண்டாம். கையேடு வாசிக்கட்டும், தராசு எண்ணைச் சொல்லட்டும், நோட்டில் எழுதட்டும். என் பேத்திக்கு அதுவே பெரிய பதவி.

இரண்டாவது ஈயம். இதைத்தான் அந்தத் தாத்தாக்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். சாதாரண பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட உறையின் உள்ளே படிந்திருக்கும் கரியிலும் அது உண்டு. உறைகளைச் சோளக்கொண்டைத் தூளில் போட்டு உருட்டிச் சுத்தம் செய்கிற மெஷினைத் திறந்தால் கிளம்பும் தூசியில் எல்லாம் இருக்கும். குழந்தை உடம்பு பெரியவர்களைவிட அதிகமாக ஈயத்தை உறிஞ்சும், மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று 2021-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வரம்பைக் குறைத்தது. எங்கள் வீட்டில் தூள் மெஷின் கராஜுக்குப் போனது, அப்புறம் தண்ணீரில் கழுவுகிற மெஷின் வந்தது. பேஸ்மென்ட் படியில் முறுக்குத் தட்டு இறங்கக் கூடாது என்பது என் சட்டம், சம்பந்தி உட்பட எல்லோருக்கும். மேலே வந்ததும் ஈயத்துக்கென்றே விற்கிற சோப்பில், சூடில்லாத தண்ணீரில் கை, முகம் கழுவல். சட்டை தனியாகத் துவைக்கப் போகும். உன் பையன் அங்கே போய்வர ஆரம்பித்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லி ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடு. நீ மறுபடி கர்ப்பமாக இருந்தால் அந்த அறைப் பக்கமே போகாதே.

மான் கறி கொடுத்தனுப்பினால் அதிலும் ஒரு கேள்வி கேள். ஈயக் குண்டு மான் உடம்பில் பொடிப்பொடியாகச் சிதறும், கண்ணுக்குத் தெரியாது. 2008-இல் நார்த் டகோட்டாவில் உணவு வங்கிகளுக்கு வந்த தானக் கறியில் ஈயத்துகள் கண்டு, அதைக் கொடுக்க வேண்டாம் என்று சுகாதாரத் துறையே சொன்னது. அந்தச் செய்தியை என் மகள் அச்செடுத்து மாமனார் மேஜையில் வைத்தாள். முணுமுணுத்தார், ஆனால் பேரப்பிள்ளைகள் சாப்பிடுகிற மானுக்கு அதன்பிறகு செம்புக் குண்டுதான் நிரப்புகிறார்.

மூன்றாவது, சென்னை விமான நிலையம். பிள்ளைகள் காலி உறையைச் சாவிக்கொத்தாக்கிப் பள்ளிப் பையில் தொங்கவிடுவார்கள், கோடை விடுமுறையில் அதே பை ஊருக்கு வரும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கடுமையானது. பைக்குள் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக வெளிநாட்டுவாழ் இந்தியர்கள் விமான நிலையத்தில் பிடிபட்ட செய்தி அவ்வப்போது வரும். தெரிந்து வைத்திருக்கவில்லை என்று நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ததும் உண்டு, ஆனால் அதற்குள் விமானம் போயிருக்கும், விடுமுறை வக்கீல் வீட்டில் கழியும். காலி உறைதானே என்று ஸ்கேனருக்கு முன்னால் நின்று விளக்குகிற நிலைமை உனக்கு வேண்டாம்.

இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது, மனம் நோகாதா என்று உன் கணவர் தயங்குவதாக எழுதியிருந்தாய். நோகாது. நம்ம ஊரில் பெரியவர் கொடுத்ததைத் திருப்பினால் அவமரியாதை. இங்கே காரணம் சொன்னால் போதும். "எங்கள் விசாவில் இதை வைத்திருக்கக் கூடாதாம்" என்று நேராகச் சொல்லு. அவருக்கே அது தெரிந்திருக்காது, பதறிப்போய் வாங்கி வைத்துக்கொள்வார். அதே மூச்சில் துப்பாக்கிகள் பூட்டில் இருக்கின்றனவா, தோட்டாக்கள் வேறு பூட்டில் இருக்கின்றனவா என்றும் கேட்டுவிடு. இங்கே குழந்தை மருத்துவர் சங்கமே, பிள்ளை விளையாடப் போகிற வீட்டில் இதைக் கேளுங்கள் என்றுதான் பெற்றோருக்குச் சொல்கிறது. ஒழுங்காகத் தோட்டா நிரப்புகிறவர் சாவி எங்கே என்பது வரை பெருமையோடு விளக்குவார். மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே வைத்திருக்கிறாரா என்று பார். காப்பி டப்பாவிலோ ஜாம் பாட்டிலிலோ மருந்து கிடந்தால், அல்லது உன் கேள்விக்கு முகம் சுளித்தால், பையனுக்கு அன்றைக்கு நீச்சல் வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிடு. என்றைக்கும் இருக்கட்டும்.

முதல் தடவை நீயும் கூடப் போய் முழு நேரமும் உட்கார். அக்டோபர் நல்ல மாதம், சீசனுக்கு முன் மேஜையில் கூட்டம் இருக்கும். பச்சை அட்டை வந்தபிறகும் பையனுக்கு ஆசை மிஞ்சியிருந்தால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்க்கலாம். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் விஸ்கான்சினில் சொந்தமாக வேட்டை உரிமம் வாங்க அந்த வகுப்பு முடித்திருக்க வேண்டும், பெரியவர்களும் சேரலாம். உன் கணவரையும் கூட உட்கார வை.