கடன் தவறி, கணக்குகளும் மூடப்பட்ட பிறகு வங்கி மறுபடி நம்புமா?

நம்பும், ஆனால் நாளாகும். வங்கி பார்ப்பது உங்கள் குணத்தை அல்ல, கடன் வரலாற்றை. அதாவது எவ்வளவு வாங்கினீர்கள், தவணையைத் தேதி தவறாமல் கட்டினீர்களா என்ற பதிவை.

கைமாற்று வாங்கி இழுத்தடித்த நண்பருக்கு அடுத்த முறை சின்னத் தொகைதான் கொடுப்போம். அது சொன்ன நாளில் திரும்பி வந்தால்தான் கை கொஞ்சம் தாராளமாகும். வங்கியும் அப்படித்தான்.

சிக்கல் என்னவென்றால், எல்லாக் கணக்கும் மூடிக் கிடந்தால் நல்ல பதிவு புதிதாக எதுவும் சேராது. அதனால் பழைய பாக்கியைத் தீர்த்த கையோடு, வைப்புத்தொகையை ஈடாக வைத்து ஒரு கிரெடிட் கார்டு வாங்கலாம். வரம்பில் சிறு பகுதியை மட்டும் செலவழித்து, பில்லை முழுசாகக் கட்டுங்கள். 'குறைந்தபட்சத் தொகை' கட்டினால் தவறியதாகப் பதிவாகாது, சரி. ஆனால் மீதிக்கு வட்டி ஏறும். அப்புறம், நாலைந்து இடத்தில் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்காதீர்கள். அது பணமுடையாகத் தெரியும்.

இந்தப் பதிவுகள் அடங்கிய தன் கடன் அறிக்கையைத் தானே பார்த்தால், அவற்றை வைத்துப் போடப்படும் கடன் மதிப்பெண் குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள், குறையாது.