சென்ட்ஃபைல் எங்கே போனது?

சென்ட்ஃபைல் என்பது ஃபைலில் உள்ள தரவை நேரே சாக்கெட்டுக்கு, அதாவது வலை இணைப்பின் முனைக்கு, அனுப்பச் சொல்லும் அழைப்பு. லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் அதற்கென இருந்த பழைய இடைமுகம் 2007-இல் நீக்கப்பட்டு, அந்த இடத்துக்கு ஸ்ப்லைஸ் என்ற இன்னொரு தரவு நகர்த்தும் முறை வந்தது. அதைப் பற்றி நம் வட்டத்து நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

காட்பாடி மாணவர்: அண்ணா, ஃபைலைப் படித்து சாக்கெட்டில் எழுதிவிட்டால் போதாதா? சென்ட்ஃபைல் எதற்கு?

போதும் தம்பி, ஆனால் வீண் சுமை. நேதாஜி மார்க்கெட்டுக்கு லாரியில் வந்த மூட்டையை வீட்டுக்குத் தூக்கிப்போய், திண்ணையில் வைத்துவிட்டு, மறுபடி கடைக்குச் சுமப்பீர்களா? சென்ட்ஃபைலில் தரவு உங்கள் நிரலின் நினைவகத்துக்கு வருவதே இல்லை, கெர்னலுக்குள்ளேயே கைமாறுகிறது. லினக்ஸ் 2.2 காலத்திலிருந்தே, அதாவது 1999 முதல், இது உண்டு.

ராணிப்பேட்டை நண்பர்: அவ்வளவு நல்லதென்றால் ஏன் எடுத்தார்கள்?

எடுத்தது உள்ளே இருந்ததை. நீங்கள் அழைக்கும் சென்ட்ஃபைல் இன்றும் அப்படியே இருக்கிறது. பலர் குழம்புவது இங்கேதான்.

ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும் தன் ஃபைல் ஆபரேஷன்ஸ் அட்டவணையில் (தான் செய்யக்கூடிய வேலைகளின் பட்டியல்) சென்ட்ஃபைல் என்றொரு செயல்பாட்டைக் கொடுக்க வேண்டியிருந்தது. அது ஒருவழிப் பாதை: ஃபைலிலிருந்து ஒவ்வொரு பக்கமாக (பக்கம் என்றால் நினைவகத்தின் ஒரு துண்டு) எடுத்து, கூடவே தந்த ஒரு துணைச் செயல்பாட்டிடம் நீட்டும். அந்தத் துணை பக்கத்தை என்ன செய்யும் என்பது அதற்கே வெளிச்சம். ஒரு ஃபைலை வட்டு போலக் காட்டும் லூப் டிரைவர் தனக்கென ஒரு துணையை எழுதி வைத்திருந்தது.

2006-இல் 2.6.17 பதிப்பில் கெர்னல் நிரலாளர் ஜென்ஸ் ஆக்ஸ்போ ஸ்ப்லைஸைக் கொண்டுவந்தார். அதில் நடுவே ஒரு பைப், அதாவது ஒரு முனையில் போட்டதை மறுமுனையில் எடுக்கும் கெர்னல் குழாய். பைப்பில் போவது தரவின் நகல் அல்ல, 'இந்தப் பக்கம் இங்கே இருக்கிறது' என்ற சீட்டு. ஒரே வேலைக்கு இரண்டு வழிகளைப் பராமரிப்பானேன்? 2.6.23-இல் பழைய செயல்பாட்டைத் தூக்கிவிட்டு, சென்ட்ஃபைல் அழைப்பையே ஸ்ப்லைஸ் மேல் ஏற்றிவிட்டார்கள். பைப் கண்ணுக்குத் தெரியாது. கெர்னலே உள்ளுக்குள் ஒன்றை வைத்துக்கொள்கிறது. பின்னர் 2.6.33 முதல், சாக்கெட் மட்டுமல்லாமல் சாதாரண ஃபைலுக்கும் சென்ட்ஃபைல் அனுப்பியது.

ஆரணி வாசகி: நான் நேரடியாக ஸ்ப்லைஸுக்கு மாறினால் வேகம் கூடுமா, சார்?

ஃபைலிலிருந்து சாக்கெட்டுக்கு என்றால் மாறாதீர்கள், அம்மா. அடியில் ஓடுவது அதேதான். சாக்கெட்டிலிருந்து சாக்கெட்டுக்கு என்றால் ஸ்ப்லைஸ் வேண்டும்.

ஆம்பூர் நண்பர்: 2022-இல் வந்த 'டர்ட்டி பைப்' பாதுகாப்பு ஓட்டைக்கு இதுதானே காரணம்?

தொடர்பு உண்டு, பழி முழுவதும் இதன் மேல் இல்லை. பைப்பில் போகும் அந்தச் சீட்டில், நிலையைக் குறிக்கும் ஒரு கொடியைத் துடைக்க மறந்திருந்தார்கள். 5.8-இல் வேறொரு மாற்றம் வந்தபின் அந்த மறதி ஆபத்தானது. படிக்க மட்டும் அனுமதியுள்ள ஃபைலின் பக்கத்தில் எவரும் எழுத முடிந்தது. 5.16.11-இல் சரிசெய்தார்கள்.

குடியாத்தம் நண்பர்: பழைய டிரைவர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 'சென்ட்ஃபைல் என்ற புலம் இல்லை' என்று கம்பைலர் சொல்கிறது.

நானும் அந்த வரியை முறைத்துப் பார்த்தே ஒரு இரவைத் தொலைத்தவன். புலத்தை அழித்தால் கம்பைல் ஆகிவிடும், அத்துடன் நிறுத்தாதீர்கள். 5.10 முதல், அதே அட்டவணையில் ஸ்ப்லைஸ் ரீட் என்ற செயல்பாட்டைத் தராத ஃபைலுக்குக் கெர்னல் மாற்றுவழி காட்டுவதில்லை; பிழையைத் திருப்பிவிடும். 6.5 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னல் என்றால், ரீட் இட்டர் என்ற படிக்கும் செயல்பாட்டை எழுதிவிட்டு, ஸ்ப்லைஸ் ரீட் இடத்தில் காப்பி ஸ்ப்லைஸ் ரீட் என்ற ஆயத்தச் செயல்பாட்டை வையுங்கள். அது நகலெடுக்கும்தான், ஆனால் வேலை நடக்கும்.