படைப்புக் கதைகளுக்குள் கோள்கள் ஒளிந்திருக்கின்றனவா? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

போன ஞாயிறு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் வானியல் பற்றிப் பேசினேன். உலகம் பிறந்த பழைய கதைகளில் கோள்களைப் பற்றிய உண்மையான அறிவு இருக்கிறதா என்பதுதான் பேச்சு. நேரம் போதவில்லை. துண்டுத் தாளில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

செம்பனை ஆலையில் வேலை செய்யும் தம்பி: சார், நிபிரு என்ற கோளின் துணைக்கோள்கள் தியாமத் என்ற கோளை உடைத்துப் பூமி பிறந்ததாகப் பழங்கால ஈராக்கின் பாபிலோனியர்கள் எழுதி வைத்திருக்கிறார்களாம். வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

இல்லை தம்பி. அது செக்காரியா சிட்சின் என்ற எழுத்தாளர் 1976இல் எழுதிய புத்தகத்திலிருந்து பரவிய கதை. பலகைகள் மட்டும் நிஜம். 'எனுமா எலிஷ்' என்ற பாடல், ஏழு களிமண் பலகைகள். அதில் தியாமத் என்பவள் கடல், உப்புநீரின் தாய். மர்துக் என்ற தெய்வம் அவளைக் கொன்று, கருவாட்டுக்கு மீனைப் பிளப்பது போல இரண்டாகப் பிளக்கிறான். ஒரு பாதியை மேலே விரித்து வானமாக்குகிறான். காயப்போடும் மீன் என்ற உவமை அந்தப் பாடலிலேயே இருக்கிறது, நான் சேர்த்ததில்லை. பாசாரில் மீன்காரர் மீனைப் பிளந்து, விரித்து, உப்புத் தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றோரம் வாழ்ந்த மக்கள் வானம் உண்டானதை அப்படித்தான் மனத்தில் பார்த்தார்கள். எனக்கு அந்த வரி மிகவும் பிடிக்கும். அதைக் கோள் மோதலாக மாற்றினால் மீனும் போய்விடும், கடலும் போய்விடும்.

உடைந்த கோளின் மிச்சம்தான் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்கள் என்றும் சொல்வார்கள். அத்தனையையும் கூட்டினாலும் நம் நிலாவின் நிறையில் இருபதில் ஒரு பங்குகூட வராது. நிபிரு என்ற பெயர் பலகைகளில் பெரும்பாலும் வியாழனைக் குறிக்கிறது. பாபிலோனியர்கள் எழுதி வைத்த கோள்கள் ஐந்துதான்: புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிபவை அவ்வளவுதான். யுரேனஸ் 1781இல் தொலைநோக்கி வழியாக வந்தது, நெப்டியூன் 1846இல்.

ஆனால் அவர்களுடைய உண்மையான அறிவு வேறு பலகையில் இருக்கிறது. வெள்ளி எப்போது உதித்தது, எப்போது மறைந்தது என்று 21 ஆண்டுக் கணக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் தெய்வங்களின் சண்டையோ பிளப்போ கிடையாது, வரிசையாக நாட்களும் அவற்றுக்கான சகுனங்களும்தான். அதை எழுதியவர்களைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லையே என்பதுதான் என் வருத்தம்.

கோயில் நிர்வாகக் குழுவில் ஒருவர்: நவகிரகத்தில் சூரியன் நடுவில் நிற்கிறார். கோள்கள் சூரியனைச் சுற்றுவது முன்னோருக்குத் தெரிந்ததால்தானே?

ஐயா, அடுத்த முறை சுற்றும்போது ஒவ்வொருவராகப் பாருங்கள். பூமி அந்த ஒன்பதில் இல்லை. பூமியைச் சுற்றும் சந்திரன் அங்கே சூரியனுக்குப் பக்கத்தில் தென்கிழக்கில் நிற்கிறார். செவ்வாய் தெற்கு, சனி மேற்கு, குரு வடக்கு. இந்த அமைப்பு திசையைப் பார்த்து வைத்தது, தூரத்தைப் பார்த்து அல்ல. புராணத்தில் சந்திரன் சூரியனுக்கும் மேலே, இன்னும் தொலைவில் இருக்கிறார். சந்நிதியின் மதிப்பு வழிபாட்டில் இருக்கிறது. அதற்கு வானியல் சான்றிதழ் தேவையில்லை.

படிவம் ஐந்து மாணவி: பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. பூமியின் வயது 454 கோடி. இவ்வளவு நெருக்கமாக எப்படி வந்தது சார்?

நல்ல கேள்வி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கலியுகம் 4,32,000 ஆண்டு. நான்கு யுகமும் சேர்ந்தால் 43,20,000. அதை ஆயிரத்தால் பெருக்கினால் 432 கோடி. இது பகல் முழுவதின் நீளம்மா, கழிந்த காலம் அல்ல. புராணக் கணக்குப்படியே நாம் அந்தப் பகலின் நடுவில்கூட இன்னும் வரவில்லை, சுமார் 197 கோடி ஆண்டுதான் ஆகியிருக்கிறது. ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான், அது பொருந்தவில்லை. 1956இல் கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து பூமிக்குச் சுமார் 455 கோடி என்று சொன்னார். எப்படி அளந்தார் என்று கேட்டால் காட்ட முடியும். ஆனாலும் கோடி கோடியாகக் காலத்தை நினைத்துப் பார்த்த அந்தத் துணிச்சல் பெரிது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஓர் அம்மா: 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று பாம்பு விழுங்குகிறது என்று பிள்ளைகளை வெளியே விடவில்லை. தப்பா?

வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கவிடாதது சரிதான் அம்மா. பாம்பு இல்லை. நிலா சூரியனை மறைக்கிறது, பூமியின் நிழல் நிலாவை மறைக்கிறது என்று ஆரியபட்டர் 499இலேயே எழுதிவிட்டார். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்றும் சொன்னார்: படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் ஓடுவது போல, நமக்கு விண்மீன்கள் மேற்கே ஓடுகின்றன. ராகு, கேது என்ற பெயர்கள் மட்டும் கணிதத்தில் தங்கிவிட்டன. நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளுக்கு அந்தப் பெயர். அந்தப் புள்ளிகளின் அருகில்தான் கிரகணம் நடக்கும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: திருவாசகத்தில் மாணிக்கவாசகர் அண்டங்கள் 'நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன' என்கிறார். விரியும் பிரபஞ்சம்தானே?

விரிந்தன என்றால் அங்கே பரந்து கிடக்கின்றன என்று பொருள், டீச்சர். ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடுவதை அவர் சொல்லவில்லை. அடுத்து வரும் உவமையைப் பாருங்கள்: வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் தெரியும் தூசு போல, இறைவன் முன் அத்தனை அண்டமும் சிறிதாகிவிடுகின்றன. நான் லயத்து வீட்டில் வளர்ந்தவன். தகரக் கூரையில் ஆணி கழன்ற ஓட்டை வழியாகக் காலை வெயில் குச்சி போல இறங்கும். அம்மா பாயை உதறினால் அதற்குள் தூசு மினுமினுக்கும். மாணிக்கவாசகர் பார்த்ததும் அதைத்தான். அதைப் பார்த்துவிட்டு அண்டங்களையே தூசாக நினைத்தாரே, அதற்கு மேல் என்ன வேண்டும்?

அதே மாணவி: அப்படியானால் நம் மக்களுக்கு வானம் தெரியாதா?

தெரியும். புறநானூற்று 30ஆம் பாடலில், சூரியன் போகும் பாதையையும் வானத்தையும் 'சென்று அளந்து அறிந்தோர் போல' இவ்வளவு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடுகிறார். கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள் என்று தெரிகிறதல்லவா?

என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பும்போது கிழக்கே வெள்ளியைப் பார்த்து நேரம் சொல்வார். சில மாதம் கழித்து, "வெள்ளி காணோம், இனி சாயங்காலம் வரும்" என்பார். வரும். வெள்ளி காலையில் தோன்றி, மறைந்து, மாலைக்குப் போய், மறுபடி காலைக்குத் திரும்ப சுமார் 584 நாள் ஆகும். நீ ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, வெள்ளி தெரிந்த நாளையும் நேரத்தையும் எழுதத் தொடங்கு. எஸ்.பி.எம். தேர்வு முடிந்து ஒரு வருடம் கழித்து அதைக் கொண்டுவந்து காட்டு, சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.